ஒரு முகூர்த்த நேரத் துறவி

கல்யாணத்தன்று காலை ஏழு நாற்பத்திரண்டுக்கு, மாதங்கிக்குத் தாலி கட்ட வேண்டியவன் இந்த உலகத்தில் இல்லாமல் போனான்.

செத்துப்போகவில்லை. மண்டபத்து வாசலிலிருந்து அறுபதடி தள்ளி, பஞ்சகச்சமும் கண்ணில் மையுமாக, ஒரு கையில் குடையும் மறு கையில் தடியுமாக, வெயிலில் நின்றுகொண்டுதான் இருந்தான். ஆனால் திருச்சி ஊரில் இருந்த எந்த இயந்திரத்துக்கும் அவனைத் தெரியவில்லை.

முதலில் கவனித்தவள் மாதங்கிதான். மாடி அறையில் அத்தை ஜடை பின்னிக்கொண்டிருக்கும்போது, காசி யாத்திரை முடிந்ததா என்று சந்திரமௌலிக்கு ஒரு வரி அனுப்பப் போனாள். கைபேசியில் அவன் படம் சாம்பல் நிறமாகிக் கிடந்தது. கீழே, 'இந்தப் பெயரில் இப்போது யாரும் இல்லை' என்று ஒரு வரி. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வாசல் பலகையில் விளக்கெழுத்தில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு பெயர்களில் அவள் பெயர் மட்டும் பாக்கி இருந்தது. நடுக்கோட்டுக்கு அந்தப் பக்கம் காலி.

வேறு பெண்ணாக இருந்தால் அழுதிருப்பாள். மாதங்கிக்கோ, பதற்றத்தோடு கூடவே, சொல்ல வெட்கமான ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. 'அட, எல்லா இடத்திலும் ஒரே நிமிஷத்தில் வேலை செய்கிறதே!' அது அவள் கைவேலை.

இப்போது எல்லோருக்கும் ஒரே ஒரு சான்றுதான். பிறந்ததும் கொடுத்துவிடுகிறார்கள்; கைபேசிக்குள் இருக்கிறது. கதவு, பஸ், வங்கி, ஆஸ்பத்திரி எல்லாம் அதைத்தான் பார்க்கின்றன. சான்று திருடு போனாலோ, ஆள் இறந்துபோனாலோ அதை ரத்து செய்து ஒரு பட்டியலில் சேர்ப்பார்கள். பட்டியலை வைத்திருக்கும் அலுவலகத்துக்கு ரத்துப் பதிவகம் என்று பெயர். மாதங்கி அங்கே பொறியாளர்.

பதிவகத்தின் பக்கத்தைத் திறந்து மௌலியின் பெயரைத் தேடினாள். மூன்று வரிகள் வந்தன.

நிலை: நிறுத்திவைப்பு. காரணம்: துறவறம். நிரந்தர ரத்து: 9.12.

"துறவறமா!" என்று கத்திக்கொண்டு எழுந்தாள். பாதி ஜடை அத்தையின் கையிலேயே நின்றுவிட்டது.

"ஏண்டி, எங்கே ஓடறே? மணப்பொண்ணு வாசலுக்கெல்லாம் போகப்படாதுடி!"

வாசலில் ஒரே அமர்க்களம். மண்டபத்து இரும்புக் கதவு இழுத்து மூடிக்கொண்டுவிட்டது. மேனேஜர், "சார், ஆள் இல்லாத ஆளை உள்ள விட்டா எனக்கு லைசென்ஸ் போயிடும் சார்" என்று எல்லோரிடமும் கைகூப்பிக்கொண்டிருந்தார். படம் பிடிக்கும் பறக்கும் கேமரா மௌலியைச் சுற்றிச் சுற்றி வந்து, அவன் முகம் இருந்த இடத்தை மட்டும் அழித்துவிட்டுப் படம் எடுத்தது. மௌலியின் அம்மாவுக்கு அவன் அலுவலகத்திலிருந்து ஆழ்ந்த அனுதாபங்கள் வந்திருந்தன. அந்த அம்மாள், "எம் புள்ளை எதிர்லதான்டா நிக்கறான், பாவிகளா" என்று கைபேசியைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

மௌலி தெருவிலிருந்து குரல் கொடுத்தான். "மாதங்கி! என் காலும் பூட்டிண்டுடுத்து! நகர முடியலை!"

அவனுடைய வலது கால் முழங்காலுக்கு மேலிருந்து இயந்திரம். அந்தமான் பக்கம் கடலுக்கடியில் கேபிள் போடும் கப்பலில் வேலை. ஒன்றரை வருஷத்துக்கு முன்னால் ஒரு கேபிள் சுருள் அவிழ்ந்து காலைக் கொண்டுபோய்விட்டது. இந்த மாதிரிக் கால்கள் விலை உயர்ந்தவை, திருட்டுப் போகக்கூடியவை. அதனால் போட்டிருப்பவரின் சான்று செல்லுமா என்று கேட்டுக்கொண்டுதான் அவை நடக்கும்.

மாதங்கி, கல்யாணத்தை நடத்திவைக்கும் சுந்தரேச வாத்யாரின் பக்கம் திரும்பினாள். அவர் கையில் தொடுதிரைக் கல்யாணப் பலகை. அதில்தான் எல்லாச் சடங்கும் வரிசையாக இருக்கும். ஏழடி நடக்கும் சப்தபதி முடிந்ததும் கல்யாணம் தானாகவே பதிவாகிவிடும்.

"வாத்யாரே, காசி யாத்திரைல என்ன எழுதினேள்?"

"என்ன எழுதுவா? புதுசா ஒரு கட்டம் வந்துருக்கு. 'சடங்கின் நோக்கம்'னு. மத்த வாத்யார்லாம் காலியா விட்டுடறா. எனக்கு அது பிடிக்காது. சாஸ்திரப்படி என்னவோ அதை எழுதினேன். 'கிருஹஸ்தாச்ரமம் வேண்டாம், சந்நியாசம் போகிறேன்.' மாப்பிள்ளை விரல் வெச்சார். தப்பா?"

தப்பே இல்லை. அதுதான் கஷ்டம். சடங்கு என்றால் எல்லோருக்கும் விளையாட்டு. வாத்யார் ஒருவர்தான் அதை மனசாரச் செய்பவர். அவருக்கு அடுத்தபடியாக அந்தப் பலகை.

மாதங்கியின் அப்பா பஞ்சாபகேசன், மட்டைத் தேங்காயும் கையுமாக ஒரு தூணோரம் நின்றிருந்தார். அவர் போய், காசிக்குக் கிளம்பிய மாப்பிள்ளையைக் கூட்டி வருவதாகத்தான் ஏற்பாடு. இரும்புக் கதவு மூடிக்கொண்டதும் அப்படியே நின்றுவிட்டார். ரயில்வேயில் சிக்னல் இன்ஸ்பெக்டராக முப்பத்தைந்து வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பேச்சு குறைவு. அதிலும் மௌலியிடம் மூன்று வருஷத்தில் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. 'அவர்கிட்ட காபி வேணுமான்னு கேளு' என்று, எதிரே உட்கார்ந்திருப்பவனைப் பற்றி மகளிடம் கேட்பார்.

மாதங்கி அவரை வாழையிலைக் கட்டுகள் அடுக்கியிருந்த மூலைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"அப்பா, ரெண்டு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்கோ. உங்க ரயில்வே பாஸ் இருக்கோன்னோ? அது செல்லுமா செல்லாதான்னு அதைப் பாத்தே சொல்லிட முடியுமா?"

"ஏன், தேதி இருக்கும். சீல் இருக்கும்."

"சரி. போன வாரம் அந்த ஆளை வேலையை விட்டுத் தூக்கிட்டா?"

அவர் யோசித்தார். "அது பாஸ்ல தெரியாது. ஆபீஸுக்குப் போன் போட்டுத்தான் கேக்கணும்."

"அதான்பா! அதுதான் என் வேலை. ஒவ்வொரு கதவும், ஒவ்வொரு ஆப்பும், ஆளைப் பாத்ததும் ஒரு தடவை எங்க ஆபீஸைக் கேக்கணும், 'இவர் ரத்தாயிட்டாரா?'ன்னு. எல்லாரும் ஓயாம கேட்டா ஆபீஸ் தாங்காது. அதனால சிலது ஒரு தடவை கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் பத்திரமா வெச்சுக்கும். இந்தக் கதவு மாதிரி சிலது ஒவ்வொரு நிமிஷமும் கேக்கும்."

"போனை யாரும் எடுக்கலைன்னா?"

மாதங்கிக்கு அந்த நிலையிலும் முகம் மலர்ந்தது. அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்கள்கூட இந்தக் கேள்விக்கு வர ஒரு வாரம் ஆகும்.

"முன்னெல்லாம் 'சரி, பதில் வரலை, போகட்டும்'னு விட்டுடுவா. திருடன் என்ன பண்ணினான்? டவரை அடைச்சுட்டு, திருட்டுச் சான்றைக் காட்டிண்டு ஜம்முன்னு உள்ள போனான்."

"அநியாயமா இருக்கே. கம்பி அறுந்தா சிக்னல் சிவப்புக்குத்தான் விழணும். பச்சைக்கு விழுந்தா அது சிக்னலே இல்லை."

"அதைத்தான்பா போன வருஷம் நான் மாத்தினேன். பதில் வரலைன்னா நிறுத்து. அந்த விதியை எழுதினதே நான்தான். அது இல்லைன்னா இப்ப வைஃபையை அணைச்சுட்டு மௌலியை உள்ள கூட்டிண்டு வந்திருப்பேன்."

பஞ்சாபகேசன் மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் மை லேசாகக் கலைந்திருந்தது.

"விஷயத்துக்கு வா."

"சந்நியாசம் வாங்கிண்டவர் சட்டப்படி செத்தவர் மாதிரி. பழைய சட்டம். பேரு, சொத்து, உறவு எல்லாம் போயிடும். ஆனா பதிவு பண்ணினதும் ஒன்றரை மணி நேரம் நிறுத்திவெப்பா. குடும்பத்துல ஒருத்தர் போய் 'வேண்டாம், திரும்பி வா'ன்னு கூப்பிட்டா ரத்து விலகிடும். ஒம்பது பன்னெண்டு வரைக்கும்தான். அதுக்கப்புறம் அவன் கோர்ட்டுக்குப் போய், தான் உயிரோட இருக்கறதை நிரூபிக்கணும். ரெண்டு மூணு வருஷம் ஆகும். அதுவரைக்கும் வேலை இல்லை, கால் இல்லை, கல்யாணமும் இல்லை."

"உங்க ஆபீஸ்ல யாரையாவது கூப்பிட்டு எடுக்கச் சொல்லேன்."

"சொன்னா எடுத்துடுவான்னா, அது ரத்தே இல்லையேப்பா."

அவருக்கு அது பிடித்திருந்தது, முகத்தில் தெரிந்தது. "சரி, யார் கூப்பிடணும்?"

"வாத்யார் சாஸ்திரப்படி எழுதியிருக்கார். பொண்ணோட அப்பா. வேற யார் கூப்பிட்டாலும் செல்லாது."

பஞ்சாபகேசன் தேங்காயை இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

மாதங்கிக்குத் தெரியும். அவருக்கு மௌலியிடம் வெறுப்பு இல்லை, பயம். கடலில் போகிறவன். ஒரு கால் போய்விட்டது, நாளைக்கு இன்னொன்று போகலாம், ஆளே போகலாம். 'உன்னை விட்டுட்டுப் போயிடுவான்' என்று அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லாமலே மூன்று வருஷம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் குரலைத் தாழ்த்தினாள். "அப்பா, நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம். சும்மா இருந்தாலே போதும். ஒம்பது பன்னெண்டுக்கு இந்தக் கல்யாணம் தானா நின்னுடும். உங்களை ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டா, மிஷின் தப்புன்னுடுவா. அதனாலதான் அம்மாகிட்டக்கூட இதைச் சொல்லலை. உங்ககிட்ட மட்டும் சொல்றேன். மனசில்லாம போகாதீங்கோ."

சொல்லிவிட்டு அவள் அங்கிருந்து நகர்ந்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க அவளுக்குத் தைரியம் இல்லை.

எட்டு மணி ஆனது. எட்டே கால். நாதஸ்வரக்காரர் வாசித்த கல்யாணியையே மறுபடி மறுபடி வாசித்தார். எதிர்ச் சாரி டீக்கடையிலிருந்து யாரோ மௌலிக்கு ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார்கள். "கால் மடங்காதுங்க" என்று அவன் மறுத்துவிட்டான். சந்நியாசிக்கு டீ கொடுக்கலாமா என்று டீக்கடைக்காரர் வாத்யாரைக் கேட்டார். "தாராளமா. பிக்ஷை" என்றார் வாத்யார்.

எட்டு முப்பத்தைந்துக்கு இரும்புக் கதவு கிறீச்சிட்டது. பஞ்சாபகேசன் வெளியே போனார்.

கையில் தேங்காய், தோளில் அங்கவஸ்திரம், சட்டைப்பையில்லாத மார்பில் கைபேசியைப் பூணூலில் செருகியதுபோல் பிடித்துக்கொண்டு, தண்டவாளத்தில் நடப்பவர் மாதிரி அளந்து அளந்து அறுபதடியும் நடந்தார். பின்னாலேயே வாத்யார், பலகையோடு. அதற்குப் பின்னால் மொத்தக் கல்யாணமும். மணப்பெண் வாசலைத் தாண்டலாமா என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை.

வாத்யார் வழக்கமான சுலோகத்தைச் சொல்லிக்கொடுத்தார். பஞ்சாபகேசன் ஒரு எழுத்துப் பிசகாமல் திருப்பிச் சொன்னார். பலகை இனிமையான பெண் குரலில் பேசியது.

"இந்த வாசகம் ஏற்கெனவே பலரால் சொல்லப்பட்டது. தயவுசெய்து உங்கள் சொந்த வார்த்தைகளில் அழைக்கவும்."

"காப்பியடிச்சோமாமே!" வாத்யாருக்கு முகம் சிவந்துவிட்டது. "தலைமுறை தலைமுறையா சொல்றதுன்னா அதுக்குப் பேர் காப்பியா?"

"இருங்கோ வாத்யாரே," என்றார் பஞ்சாபகேசன். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். மூன்று வருஷத்தில் முதல் தடவையாக மௌலியின் முகத்தைப் பார்த்தார். "மாப்பிள்ளை, உள்ள வாங்கோ."

"குறைந்தது நாற்பது சொற்கள் தேவை. நீங்கள் சொன்னவை மூன்று."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "நாப்பதா! அவர் கல்யாணத்துக்கு அப்புறம் மொத்தமே அவ்வளவுதான் பேசியிருக்கார்" என்றாள் மாதங்கியின் அம்மா. மௌலிகூடக் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டான். பஞ்சாபகேசன் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்து தரையை வெகுநேரம் உற்றுப் பார்த்தார். பிறகு தேங்காயை வாத்யாரிடம் கொடுத்துவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். மேலதிகாரிக்கு அறிக்கை படிக்கும் தோரணை.

"நான் பஞ்சாபகேசன். சிக்னல் இன்ஸ்பெக்டர், ஓய்வு. முப்பத்தஞ்சு வருஷம் எதையும் நம்பாம இருக்கறதுதான் எனக்கு வேலை. இவரையும் நம்பலை. மூணு வருஷமா இவர்கிட்ட தப்பு கண்டுபிடிக்கணும்னே பாத்தேன். கப்பல்லேர்ந்து தினம் சாயங்காலம் ஆறு மணிக்கு என் பொண்ணைக் கூப்பிடுவார். கூப்பிட முடியாத நாள்னா முதல் நாளே சொல்லிடுவார். டைரில எழுதிண்டு வந்தேன். ஆயிரத்து நாப்பது நாள். ஒரு நாள் தப்பலை. கால் போச்சே, அன்னிக்கும் ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்பிட்டார். பதினோரு நிமிஷம் லேட்."

அவர் நிறுத்தினார். நாதஸ்வரமும் நின்றுவிட்டிருந்தது.

"அந்த லேட்டுக்கு அவர்கிட்ட நான் விளக்கம் கேக்கலை. எப்படி இருக்கேள்னும் கேக்கலை. கேட்டிருக்கணும். எனக்குக் கடலைக் கண்டா பயம். அது இவர் தப்பில்லை." பலகையின் பக்கம் திரும்பினார். "இவர் எங்களுக்கு வேணும். காசிக்கு வேற யாரையாவது அனுப்பிக்கோங்கோ. மாப்பிள்ளை, ஆத்துக்கு வாங்கோ."

பலகை ஒரு விநாடி, இரண்டு விநாடி யோசித்தது.

"ஏற்கப்பட்டது. ரத்து விலக்கப்படுகிறது."

அதற்குப் பிறகு எது முதலில் நடந்தது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. இரும்புக் கதவு தானாக அகலத் திறந்தது. வாசல் பலகையில் சந்திரமௌலி என்ற பெயர் ஓடி வந்து தன் இடத்தில் ஒட்டிக்கொண்டது. பறக்கும் கேமரா ஒரு மணி நேரக் குறையைத் தீர்த்துக்கொள்வதுபோல் அவன் மூக்குக்கு நேராகப் போய் நின்றது. அனுதாபம் அனுப்பிய அலுவலகத்திலிருந்து வாழ்த்து வந்தது. தவில்காரர் ஓங்கி ஒரு அடி அடித்தார். மௌலி, "மாமா!" என்று குடையைப் போட்டுவிட்டு பஞ்சாபகேசனின் காலில் விழப்போனான். அதற்குள் அவன் மாமா அவனை அலாக்காகத் தோளில் தூக்கிவிட்டார். எதிர்ப்பக்கம் மாதங்கியை அவள் மாமா தூக்க, தெருவிலேயே மாலை மாற்றல். அவள் மாலையைப் போட வரும்போதெல்லாம் அவனைத் தூக்கியிருந்தவர் பின்வாங்கினார். மூன்றாவது தடவை அவள், "மாமா, இன்னொரு தடவை நகர்ந்தா உங்களையும் ரத்து பண்ணிடுவேன்" என்றதும் ஒழுங்காக நின்றார்.

முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. தாலி கட்டி, ஏழடி நடந்து, பலகையில் கல்யாணம் பதிவானது. பூட்டு விட்ட கால் இன்னும் சரியாக வரவில்லை என்று மௌலி கொஞ்சம் நொண்டிக்கொண்டே அக்னியைச் சுற்றினான். எல்லோரும் ஐயோ பாவம் என்றார்கள். மாமியார் இன்னொரு கரண்டி பால்பாயசம் விட்டாள்.

சாப்பாட்டுக்கு அப்புறம் கூட்டம் தூணுக்குத் தூண் சாய்ந்து தூங்கியது. மௌலியும் ஒரு ஜமக்காளத்தில் தூங்கிப்போனான். மாதங்கிக்குத் தூக்கம் வரவில்லை. காலையில் எட்டிப்பார்த்த அந்த அற்ப சந்தோஷம் மறுபடி தலையைக் காட்டியது. கதவு எத்தனை விநாடியில் மூடியது, வாசல் பலகை எத்தனை விநாடியில் மாறியது என்று ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டு வந்தாள். மௌலியின் இயந்திரக் காலையும் சேர்த்தால் கணக்கு முழுமையாகும். கணவனின் காலைத் தொட்டு, அது வைத்திருந்த நாட்குறிப்பைத் திறந்தாள். கட்டிய பெண்டாட்டிக்கு அதைப் பார்க்க அனுமதி உண்டு. அன்றைக்கு முற்பகலிலிருந்து உண்டு.

அதில் ஒரே ஒரு வரிதான் இருந்தது.

கடைசியாகக் கேட்டது: காலை 4.10. பதில்: செல்லும். இந்தப் பதில் செல்லுபடியாகும் காலம்: 24 மணி நேரம்.

மாதங்கி அதை மூன்று தடவை படித்தாள். நடுக்கடலில் நினைத்தபோதெல்லாம் டவர் ஏது? மாலுமிகளுக்குச் செய்த கால். ஒரு நாளைக்கு ஒரு தடவை கேட்டுவிட்டு அந்தப் பதிலை மறுநாள் வரை கையில் வைத்துக்கொள்கிற ரகம். ஏழு நாற்பத்திரண்டுக்கு நடந்த எதுவும் அந்தக் காலுக்குத் தெரியவே தெரியாது. அது பூட்டவும் இல்லை, பூட்டு விடவும் இல்லை.

ஜமக்காளத்தில் தூங்குகிறவனை அப்படியே உதைக்கலாமா என்று தோன்றியது. பிறகு சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவைத் தேடிப் போனாள். அவர் காலியான பந்தியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெற்றிலையின் நரம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அப்பா, ஒரு விஷயம். அவன் கால் பூட்டவே இல்லை. நினைச்சிருந்தா நடந்து கதவுகிட்ட நிழலுக்கு வந்திருக்கலாம். நீங்க வந்து கூப்பிடணும்னே ஒரு மணி நேரம் நின்னிருக்கான்."

"தெரியும்."

"தெரியுமா! எப்போ?"

"நாப்பது வார்த்தை வேணும்னு அது சொன்னப்போ எல்லாரும் சிரிச்சேளே. இவரும் குடைக்குள்ள சிரிச்சார். முட்டி மடங்கித்து. வலது முட்டி."

மாதங்கி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். "தெரிஞ்சுமா அத்தனையும் சொன்னேள்? கோபம் வரலையா?"

பஞ்சாபகேசன் வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவினார். அவசரமே இல்லை.

"நடக்க முடியற கால். நாலு எட்டு வெச்சா தெருமுனை. நான் வருவேனா மாட்டேனான்னு அவருக்குத் தெரியாது. ஆனா நகரலை. நின்னார்." மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "விட்டுட்டுப் போறவன் அப்படி நிக்க மாட்டான்."

சற்று நேரம் மென்றார். பிறகு மகள் பக்கம் சாய்ந்து, காதோடு சொன்னார்.

"நமக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லிடாதே. சாயங்காலம் நலங்கு வரைக்கும் நொண்டட்டும்."